கருணைக்கும் கண் வேண்டும்

முதுகில் மூன்று கோடுகளுடன் மரத்துக்கு மரம் தாவும் அணிலை அறியாத மாணவி தமிழகத்தில் இருக்க முடியாது. பூனையின் நகம் கீறியோ, காகம் கொத்தியோ, வண்டியில் அடிபட்டோ கண் பழுதாகித் தரையில் தடுமாறும் அணிலையும் நம்மில் பலர் கண்டிருப்போம். "ஐயோ, பாவம்!" என்று ஓடிச் சென்று எடுக்கிறோம். அந்த இரக்கம் போற்றத்தக்கதே. ஆனால் இரக்கம் மட்டும் போதுமா?

நாம் வழக்கமாகச் செய்வது என்ன? கையிலெடுத்துத் தடவிக் கொடுக்கிறோம். பத்துப் பேர் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறோம். பஞ்சில் பசும்பாலை நனைத்து வாயில் பிழிகிறோம். வீட்டிலிருக்கும் கண் மருந்தை ஊற்றுகிறோம். இவை நான்குமே தீங்கு என்பேன். காட்டுயிருக்கு மனிதனின் கை அன்பின் கையன்று, பகைவனின் பிடி. பார்வை மங்கிய அணிலுக்கோ ஒவ்வோர் ஓசையும் பேரச்சம். பசும்பால் அதற்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மயங்கிக் கிடக்கையில் ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும். மனிதருக்கான கண் மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. கருவிழியில் புண் இருந்தால் அதை அது மேலும் கெடுக்கும்.

அதற்கு வேண்டியவை இருளும் அமைதியும் இளஞ்சூடுமே. தடித்த துணியால் மூடி எடுத்து, காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து வைத்தால் போதும். கடித்துவிட்டால் சோப்பு நீரால் நன்கு கழுவி மருத்துவரிடம் காட்ட வேண்டும். பின்பு தாமதியாமல் கால்நடை மருத்துவரிடமோ, வனத்துறையினரிடமோ, பிராணிகள் நலச் சங்கத்தாரிடமோ அணிலைச் சேர்ப்பிக்க வேண்டும். சென்னையில் 1959ஆம் ஆண்டு தோன்றிய புளூ கிராஸ் அத்தகைய சங்கமே.

பார்வை போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவதும் தவறு. தலையில் அடிபட்டதால் மங்கிய பார்வை, வீக்கம் வடிந்தபின் திரும்புவதுண்டு. அணில் குட்டியோ பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் வரை கண் திறவாது. காயமில்லாத குட்டி கீழே கிடந்தால் அதே மரத்தடியில் பத்திரமாக வைத்து விலகி நில்லுங்கள். தாய் வந்து கவ்விச் செல்லக்கூடும்.

"குணமான பின் நானே வளர்க்கிறேனே!" என்பாள் ஒருத்தி. "மரத்தில் விட்டுவிடலாம்" என்பாள் மற்றொருத்தி. ஒரு கண் இழந்த அணில், மீசை முடியும் மோப்பமும் செவியும் துணை நிற்க வெளியில் வாழக்கூடும். அறிந்தவர்கள் சோதித்துப் பார்த்தபின் அதனைப் பிடித்த இடத்திலேயே விடுவதே முறை. இரு கண்ணும் இழந்ததை மரத்தில் விடுவது விடுதலையன்று, பூனைக்கு இரையிடுவதாகும். அதற்கு ஏற்ற புகலிடத்தை அறிந்தவர்களே முடிவு செய்யட்டும். இரண்டிலும் நம் ஆசைக்கு இடமில்லை.

நல்ல சமாரியனை நினைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனின் காயங்களைக் கட்டினார். சாவடிக்குக் கொண்டு சென்றார். கவனித்துக்கொள்ளப் பணமும் கொடுத்து ஒப்படைத்தார். தம்மால் இயன்றதைச் செய்தபின் பிறர் கையில் ஒப்படைக்கவும் அவர் அறிந்திருந்தார். பார்வையற்ற பர்த்திமேயுவிடமோ, அவனுக்கு என்ன வேண்டுமென்று நம் ஆண்டவர் முதலில் கேட்டார். அணிலால் பதில் சொல்ல முடியாது. ஆகவே அதன் தேவையை நாமே கற்றறிய வேண்டும். 1979ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்கள் சூழலியலாரின் பாதுகாவலராக அறிவித்த அசிசி நகர் புனித பிரான்சிஸின் வழியும் இதுவன்றோ?

"மனிதருக்கே உதவ ஆளில்லை, அணிலுக்கு இவ்வளவா?" என்று கேட்போரும் உண்டு. தோழியரே, பேருந்து நிறுத்தத்தில் பார்வையற்றவர் நின்றால், எங்கே போக வேண்டுமென்று கேளாமலே கையைப் பிடித்திழுத்துச் சாலையைக் கடக்க வைக்கிறோமே, அதுவும் இதே குறைதான். அங்கே ஒரு சொல் கேட்டால் போதும். அதைக்கூடக் கேளாத கருணை யாருடைய மனநிறைவுக்காக?