முதல் பந்து சேப்பாக்கம்... கடைசி வார்த்தை ஓசூர்!

ஓசூரில் ஒரு ஆள் எந்தப் பக்கத்துக்காரர் என்று தெரிந்துகொள்ள ரேஷன் கார்டெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. 'ரஞ்சி டிராபி வரலாற்றிலேயே எது சார் பெரிய டீம்?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். 'கர்நாடகா!' என்று பட்டென்று பதில் வந்தால் ஆள் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம். 'பம்பாய்' என்று வந்தால் நடுநிலைவாதி, அல்லது கேன்டீன் கான்ட்ராக்டர். இரண்டு பக்கத்துக்கும் இட்லி போட்டாக வேண்டுமே! தொண்டையைக் கனைத்துக்கொண்டு, 'அதாவது... திறமைன்னு எடுத்துக்கிட்டா...' என்று ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம். நம்ம ஆள்!

வேறு எந்த ஊரிலும் இந்தச் சண்டைக்கு இவ்வளவு ருசி கிடையாது. காரணம் பூகோளம். சின்னசாமி ஸ்டேடியம் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். சேப்பாக்கம் 300 கிலோமீட்டருக்கும் மேலே. அதாவது, விசுவாசம் ஒரு பக்கம், போய் மேட்ச் பார்ப்பது இன்னொரு பக்கம். காலையில் கன்னடம் பேசுகிற கம்பெனி பஸ் சிப்காட்டுக்கு வருகிறது. தமிழ் பேசுகிற கம்பெனி பஸ் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறது. ஜூஜூவாடியில் இரண்டும் எதிரெதிரே டிராஃபிக்கில் நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொள்கின்றன. இவர்களை ஒரே டீக்கடையில் நிறுத்தி, கையில் ஒரு கிளாஸையும் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன நடக்கும்?

இந்த விவாதத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். பாயின்ட்டில் தோற்றவர் டீக்குக் காசு கொடுக்க வேண்டும்.

முதல் ரவுண்டு எப்போதும் நமக்கு. ரஞ்சி டிராபியின் முதல் மேட்ச் யாருக்கும் யாருக்கும்? சென்னைக்கும் மைசூருக்கும்! 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். எம்.ஜே.கோபாலன் முதல் பந்தைப் போட்டார். மைசூர் 48 ஆல் அவுட். நாம் 130. மறுபடி மைசூர் 59 ஆல் அவுட். ஏ.ஜி.ராம்சிங் மட்டும் 11 விக்கெட். காலையில் ஆரம்பித்த மேட்ச் அன்று சாயங்காலமே முடிந்துவிட்டது. இன்னிங்ஸ் வெற்றி! ஒரு ஷிப்ட்டில் முடித்த வேலை சார், ஓவர்டைம்கூடத் தேவைப்படவில்லை.

இதைச் சொன்னதும் அந்தப் பக்கத்து நண்பர் அசர மாட்டார். ஒரு மடக்கு டீ குடித்துவிட்டு, 'குரு, அது மைசூரு. கர்நாடகான்னு பேர் வெச்சதுக்கு அப்புறம் கணக்கு பாரு' என்பார்.

இங்கேதான் வயிறு எரிகிறது. மைசூர் மாநிலம் கர்நாடகா என்று பெயர் மாறியது 1973 நவம்பரில். அந்த 1973-74 சீசனிலேயே முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். நியூமராலஜிக்காரர்கள் இதை எப்படி விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை. நாமும்தான் 1969ல் தமிழ்நாடு என்று பெயர் மாற்றினோம். கோப்பை வருவதற்கு 1987-88 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, மொத்தக் கணக்குக்கு வருவோம். கர்நாடகா 2014-15க்குள் எட்டு முறை சாம்பியன். நாம் 1954-55ல் ஒன்று, 1987-88ல் ஒன்று. ஆக இரண்டு. 'ஃபைனல் வரைக்கும் எத்தனை தடவை போனோம் தெரியுமா?' என்று கேட்டுவிடாதீர்கள். 2014-15 வரைக்கும் பத்து முறை ஃபைனலில் தோற்றிருக்கிறோம். பத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன், 'எனக்கு முகூர்த்த அனுபவம் ஜாஸ்தி' என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

ஆனால், கோப்பையை எண்ணுவதுதான் ஒரே கணக்கு என்றால் விவாதமே தேவையில்லை. பம்பாய் 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 வருஷம் ஜெயித்தது. பதினைந்து சார்! முதல் கோப்பை வாங்கிய அன்றைக்குப் பிறந்த பிள்ளை மீசை அரும்பி நிற்கும்வரை வேறு ஒருத்தரும் கோப்பையைத் தொடவில்லை.

அந்த 15ல் கடைசியை யாரிடமிருந்து வாங்கினார்கள்? வேறு யார், நம்மிடம்தான். 1972-73 ஃபைனல், இடம் சேப்பாக்கம். பிட்ச் பம்பரமாகச் சுழன்றது. நமக்கு ஒரே குஷி. வெங்கட்ராகவன் இருக்கிறார், வி.வி.குமார் இருக்கிறார், அப்புறம் என்ன? பம்பாயை 151க்கும் 113க்கும் சுருட்டினார்கள். எதிரணியிலும் ஸ்பின் போடுகிறவர் இருப்பார் என்பது மட்டும் நமக்குக் கொஞ்சம் லேட்டாகத்தான் உறைத்தது. பத்மாகர் ஷிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன் கொடுத்து 5 விக்கெட். நாம் 80, பிறகு 61. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே மேட்ச் முடிந்தது. அன்றைக்கு டிக்கெட் வாங்கி, டிபன் கேரியரில் எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

அந்த ஷிவால்கர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை! பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட் என்று கூட்டம் நெரிந்த காலம். டெஸ்ட் ஆடாத ஆளே இப்படி என்றால் அந்த டீம் எப்படி இருந்திருக்கும்?

அடுத்த வருஷம் பெங்களூரில் செமி ஃபைனல். பிரசன்னா கேப்டன். விஸ்வநாத் 162, பிரிஜேஷ் படேல் 106. ஆட்டம் டிராவானால் முதல் இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்தவருக்கு வெற்றி என்பது ரஞ்சி நாக்-அவுட் சட்டம். பம்பாய் துரத்திக்கொண்டு வருகிறது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த வடேகர் ஓடும்போது வழுக்கி விழுந்து ரன்-அவுட்! பம்பாய் பின்தங்கியது, 15 வருஷ ராஜ்யம் சரிந்தது. அப்புறம் கர்நாடகா ஜெய்ப்பூருக்குப் போய் ராஜஸ்தானை ஜெயித்தது.

'பார்த்தியா குரு? புலியைக் கொன்னவன்தானே பெரியவன்?' என்பார் நண்பர்.

நியாயமான கேள்வி. நம்ம ஆள் விடுவாரா? 'அடுத்த மூணு வருஷமும் மறுபடி பம்பாய்தானே சாம்பியன்? அதுல 1974-75 ஃபைனல்ல தோத்தது யாரு? நீங்கதானே?' இந்த ஒரு பாயின்ட்டுக்கு ஒரு டீ உறுதி. ஆனால் சந்தோஷம் வாயில் வைத்த டீ ஆறுகிறவரைக்கும்தான்.

ஏனென்றால் அடுத்த பேச்சு 1996. அந்த சீசன் ஃபைனலில் சேப்பாக்கத்துக்கே வந்து, முதல் இன்னிங்ஸ் கணக்கில் நம்மிடமிருந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள். அதே வருஷம் அக்டோபரில் டைட்டன் கப். சின்னசாமியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 216 எடுக்க வேண்டும். டெண்டுல்கர் 88 அடித்துவிட்டுப் போய்விட்டார். 164க்கு 8 விக்கெட். ஸ்ரீநாத்தும் கும்ப்ளேவும் கடைசிவரை நின்று ஜெயித்துக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் கர்நாடகா ஆட்டக்காரர்கள். ஆனால் கப்பின் பெயர் டைட்டன்! டைட்டன் வாட்ச் தயாரானது எங்கே? நம்ம ஓசூரில்! டாட்டாவோடு பங்குதாரர் யார்? தமிழ்நாடு அரசின் டிட்கோ! 'கப் எங்களுது, நீங்க வெறும் ரன் அடிச்சீங்க' என்று நம்ம ஆள் வாதாடிப் பார்த்தார். டீக்கடைக்காரரே ஒப்புக்கொள்ளவில்லை.

2015 மார்ச் பற்றிப் பேசாமல் போய்விடலாமா என்று பார்த்தேன். மனசாட்சி உறுத்துகிறது. வான்கடே மைதானம், கர்நாடகா-தமிழ்நாடு ஃபைனல். வினய் குமார் 5 விக்கெட் எடுக்க, நாம் 134. அவர்கள் 762. கருண் நாயர் 328. ரஞ்சி ஃபைனல்களில் அதுவரை யாரும் அவ்வளவு அடித்ததில்லை. கே.எல்.ராகுல் 188. பவுலிங்கில் நம்மை ஒழித்தது போதாதென்று வினய் குமார் சதமும் அடித்தார். இன்னிங்ஸ் மற்றும் 217 ரன் தோல்வி. 2013-14, 2014-15 இரண்டு சீசனிலும் ரஞ்சி, இரானி, விஜய் ஹசாரே என்று மூன்றையும் அள்ளிய டீம் அது. மறு வருஷம் டிசம்பரில் கருண் நாயர் இந்தியாவுக்காகச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை 303 நாட் அவுட் அடித்தபோது நாமும் எழுந்து நின்று கை தட்டினோம். அடி வாங்கினவனுக்குத்தானே அடியின் அருமை தெரியும்!

இருபது ஓவர் ஆட்டத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. 2019 சையத் முஷ்டாக் அலி ஃபைனல். கடைசி ஓவரில் 13 ரன் தேவை. அஸ்வின் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பினார். மீதி நாலு பந்தில் 5 ரன்... ஒரு ரன்னில் தோற்றோம்! 2021ல் அதே ஃபைனல், அதே கர்நாடகா. கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டும். ஷாருக்கான் (நம்ம ஷாருக்கான் சார், சினிமாக்காரர் இல்லை) அடித்த சிக்ஸர் ஓசூர் வரை கேட்டது. அன்றைக்கு அந்தப் பக்கத்து நண்பர்கள் காசு எண்ணிய வேகம் இருக்கிறதே, அடடா!

அமெரிக்காவிலும் இப்படித்தான். அங்கே காலேஜ் ஃபுட்பால் என்றால் உயிர். ஆனால் ரொம்ப காலம் அங்கே முறையான ஃபைனல் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் ஒரு பக்கம், கோச்சுகள் ஒரு பக்கம் ஓட்டுப் போட்டுச் சாம்பியனைச் சொல்வார்கள். 1997ல் அவர்கள் மிச்சிகன் என்றார்கள், இவர்கள் நெப்ராஸ்கா என்றார்கள். இரண்டு பேருமே சாம்பியன்! இன்றைக்கும் அதைச் சொல்லி அடித்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்கோர் போர்டு இருக்கிறது.

இந்த ஸ்கோர் போர்டின் அருமை ஓசூர்க்காரனுக்குத்தான் தெரியும். இரண்டு மாநிலத்துக்கும் இன்னொரு மேட்ச் காலம்காலமாக நடக்கிறதே, காவிரி! டிரிபியூனல் உட்கார்ந்தது, தீர்ப்பு வந்தது, 2018ல் சுப்ரீம் கோர்ட் 177.25 டி.எம்.சி. என்று தசம ஸ்தானம் வரைக்கும் சொன்னது. அந்தத் தண்ணீரை அளக்கிற பிலிகுண்டுலு நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. இருந்தும் மழை பொய்த்தால் பழைய கதைதான். 2016 செப்டம்பரில் பெங்களூரில் பஸ்கள் எரிந்தபோது, நம்ம பஸ்களெல்லாம் ஜூஜூவாடியோடு நின்றன. கைக்குழந்தையும் சூட்கேசுமாக ஜனங்கள் எல்லையை நடந்து கடந்தார்கள். பக்கத்து மெஷினில் நிற்கிறவனிடம், எந்த மொழியில் 'டீ சாப்பிட்டாச்சா?' என்று கேட்பது என்று யோசிக்க வேண்டிய நாட்கள் அவை.

அதனால்தான் சொல்கிறேன், இந்த ரஞ்சிச் சண்டை வெட்டிச் சண்டை இல்லை. 217 ரன் என்றால் இரண்டு பக்கத்துக்கும் 217தான். யாரும் ஸ்டே வாங்க முடியாது. தோற்றவன் 'தோத்தோம்பா' என்று சொல்லிவிட்டு, ஜெயித்தவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க முடிகிற சண்டை இது ஒன்றுதான். இதில் பழகியவர்களுக்கு மற்றதைப் பேசும்போதும் குரல் கொஞ்சம் இறங்குகிறது.

சரி, தீர்ப்பு? என் ஓட்டு பம்பாய்க்கு. அது 15 கோப்பைக்காக இல்லை, 1970-71க்காக. வடேகர், கவாஸ்கர், சர்தேசாய், சோல்கர், அசோக் மன்கட் எல்லாரும் இந்தியாவுக்காக வெஸ்ட் இண்டீஸ் போய்விட்டார்கள். சுதிர் நாயக் கேப்டனாகி, மிச்சம் இருந்த பையன்களை வைத்தே கோப்பையை ஜெயித்தார். மேனேஜர், சூப்பர்வைசர் எல்லாரும் லீவில் போன பிறகும் புரொடக்‌ஷன் குறையவில்லை என்றால் அதுதானே சார் பெரிய கம்பெனி? இரண்டாவது இடம், பேர் மாற்றிய கையோடு பூட்டை உடைத்த 1973-74 கர்நாடகாவுக்கு. மனசார.

நமக்கு? 2015 கணக்கில் இன்னும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பரவாயில்லை. 1934 பாக்கியை அவர்கள் இன்னும் செட்டில் பண்ணவில்லை. வட்டி போட்டுப் பாருங்கள், டீக்கடையே நம்முடையது!