டால்டன் சாலையை அப்படியே விட்டுவிடலாமே!

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் டால்டன் நெடுஞ்சாலை என்று ஒன்று இருக்கிறது. ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வடக்கே தொடங்கி, ஆர்க்டிக் கடலுக்குப் பக்கத்தில் டெட்ஹார்ஸ் என்ற எண்ணெய்த் தொழிலாளர் குடியிருப்பில் போய் முடிகிறது. நீளம் 414 மைல், அதாவது 666 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளைக் கல் சாலைதான். கோல்டுஃபுட் என்ற இடத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த 240 மைலுக்குப் பெட்ரோல் கிடையாது. செல்போன் சிக்னலும் பெரும்பாலும் கிடைக்காது.

"இவ்வளவு அழகான வழியில் நாலு ஓட்டல், நாலு பெட்ரோல் பங்க் வைத்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். வேண்டாம் என்பதே சரியான பதில்.

முதலில், இது சுற்றுலாவுக்காகப் போட்ட சாலையே அல்ல. எண்ணெய்க் குழாய் பதிப்பதற்காகப் போட்டது. யூகான் ஆற்றுக்கு வடக்கே உள்ள பகுதியை 1974-ல் ஐந்தே மாதத்தில் முடித்தார்கள். முழுச் சாலையும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1994-ல்தான். இன்றும் அங்கே லாரிகளுக்குத்தான் முதல் உரிமை. மற்றவர்கள் விருந்தாளிகள்!

ஆனால் அந்த விருந்து சாதாரணமானதல்ல. ஆர்க்டிக் வட்டத்தைக் குறிக்கும் பலகை அருகே ஜூன் 21-ல் நள்ளிரவிலும் சூரியனைப் பார்க்கலாம். 4,700 அடிக்கு மேல் உயரமுள்ள அட்டிகன் கணவாயைக் கடந்து இறங்கினால் மரமே இல்லாத தூந்திர வெளி. கரிபூ மான்களும் கஸ்தூரி எருதுகளும் மேயும். யூகானுக்கு வடக்கே சாலையின் இருபுறமும் 5 மைலுக்குள் துப்பாக்கி வேட்டைக்குத் தடை உண்டு. வேட்டையாட நினைப்பவர் வில்லைத்தான் எடுக்கவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு மரத்தின் கதையைச் சொல்லியாகவேண்டும். 235-வது மைலில் ஒரு ஸ்ப்ரூஸ் மரம் நின்றது. இந்தச் சாலையோரத்தில் வடகோடியில் உள்ள ஸ்ப்ரூஸ் இதுதான் என்று பக்கத்தில் பலகையும் வைத்தார்கள். சுமார் 270 வயது மரம். அத்தனை ஆண்டுப் பனியும் காற்றும் அதை ஒன்றும் செய்யவில்லை. 2004-ல் யாரோ ஒரு விஷமியின் கைவரிசையில் பட்டுப்போனது. சாலை திறந்து பத்தே வருடம்! வந்தவர்களில் ஒரே ஒருவர் போதுமானதாக இருந்தது. வசதிகள் பெருகி, வருபவர்கள் பத்து மடங்கானால் என்ன ஆகும்?

தூந்திரத்தின் அடிமண் வருடம் முழுக்க உறைந்தே கிடப்பது. மேலே போர்வைபோல இருக்கும் செடிகளும் பாசியும் சிதைந்தால் கீழே உள்ள பனி உருகி நிலம் உள்வாங்கும். வண்டித் தடம் ஒன்று பதிந்தால் பல பத்தாண்டுகள் மறையாது. இப்படிப்பட்ட நிலத்தில் கட்டடம் கட்டுவது எளிதா என்ன?

"ஆபத்தில் மாட்டிக்கொண்டால்?" என்பது நியாயமான கேள்விதான். அதற்குத் தேவை ஓட்டல் அல்ல, முன்னேற்பாடு. இரண்டு ஸ்டெப்னி டயர், கூடுதல் பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு, கம்பளி உடை, பகலிலும் எரியும் முகப்பு விளக்கு. இதையெல்லாம் செய்யப் பொறுமை இல்லாதவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே அவருக்கும் நல்லது, அந்த நிலத்துக்கும் நல்லது.

எல்லா அழகான இடங்களும் எல்லோருக்கும் சுலபமாகக் கிடைக்கவேண்டும் என்று கட்டாயமா? அந்தச் சாலையின் சிரமம்தான் அதற்கு வேலி. மற்ற வேலிகளைவிட அதற்குச் செலவும் குறைவு.