சுவருக்கும் காதுண்டு



கிழக்கிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். இது அவருடைய வீட்டு விஷயம் மட்டுமல்ல. நம்மில் பலருடைய வீட்டிலும் இருப்பதுதான்.

அவருக்குத் திருமணமாகி இரண்டு வருடம். நமது ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறார். அதே வீட்டில் உம்மா, வாப்பா, இரண்டு தம்பிமார். புதுத் தம்பதிக்கு அறை வேண்டும் என்று ஹோலின் ஒரு பக்கத்தைப் பிளைவூட் பலகையால் மறித்துக் கொடுத்திருக்கிறார்கள். இனி அவருடைய வார்த்தைகளில்:

“ராத்தா, உம்மா இருமினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் கட்டிலில் திரும்பிப் படுத்தால் உம்மாவுக்குக் கேட்கும். கல்யாணம் முடித்த நாளிலிருந்து நானும் அவரும் காதுக்குள்தான் பேசுகிறோம். இரண்டு வருடமாக அவர் இந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்ததை நான் காணவில்லை. போன மாதம் ஒரு கடன் விஷயமாக எங்களுக்குள் சிறு பேச்சு வந்தது. மறுநாள் காலை உம்மா தேநீர் கொடுக்கும்போது, ‘என்ன மகன், கடன் ஏதும் கட்ட இருக்கா?’ என்று கேட்டா. உம்மா நல்ல மனதோடுதான் கேட்டா. அவர் ஒன்றும் சொல்லாமல் தேநீரை வைத்துவிட்டுத் தன் உம்மா வீட்டுக்குப் போனவர், நாலாம் நாள்தான் வந்தார். பலகையில் முட்டைத் தட்டு ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று தம்பி சொல்கிறான். பேக்கரியில் சொல்லி அறுபது தட்டுச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒட்டலாமா?”

ஒட்ட வேண்டாம், தங்கச்சி. அந்தத் தட்டுகளைப் பேக்கரிக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சத்தத்தை விழுங்குவது வேறு, தடுப்பது வேறு

1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபம் கட்டி முடித்துவிட்டு எல்லோரும் தலையில் கை வைத்திருந்தார்கள். அங்கே ஒருவர் பேசினால் ஒரு சொல்லின் எதிரொலி ஐந்து விநாடிக்கு மேல் அடங்காமல் நின்றது. அடுத்தடுத்த சொற்கள் அதனோடு கலந்து ஒன்றுமே விளங்கவில்லை. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபீன் என்ற இளம் பெளதிக ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு வேளைகளில் இன்னொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்பி, எத்தனை மெத்தைக்கு எதிரொலி எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்தார். மிருதுவான பொருள் எதிரொலியை விழுங்கும் என்பதை இன்று நாம் கணக்காகச் சொல்ல முடிவதற்கு அந்த மெத்தைகள்தான் தொடக்கம்.

ஆனால் அந்த மெத்தைகள் செய்தது மண்டபத்துக்கு உள்ளேயே நின்ற எதிரொலியைக் குறைத்தது. ஒரு அறையின் பேச்சு அடுத்த அறைக்குப் போகாமல் மறிப்பது வேறு வேலை. அதற்குப் பாரம் வேண்டும், இடைவெளியில்லாத அடைப்பு வேண்டும். முட்டைத் தட்டு வெறும் கடதாசி. அதில் பாரமும் இல்லை, அடைப்பும் இல்லை. ரெஜிபோம் அட்டையும் அப்படித்தான். இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கக் கூடியவை என்பதால் படுக்கையறைச் சுவர் முழுவதும் ஒட்டி வைப்பது ஆபத்தும் கூட.

பாரம் என்றேன். நாலரை அங்குலச் செங்கல் சுவரை இரு பக்கமும் பூசினால் ஒரு சதுர அடி 20 கிலோவுக்கு மேல் நிறை வரும். உங்கள் அறையை மறித்திருக்கும் மெல்லிய பிளைவூட் ஒரு சதுர அடி கால் கிலோவும் வராது. சத்தம் என்பது காற்றின் அதிர்வு. அது வந்து மோதும்போது பாரமான சுவர் அசைய மறுக்கிறது. மெல்லிய பலகை ரபானின் தோல் மாதிரி தானும் அதிர்ந்து, அடுத்த பக்கத்துக் காற்றையும் அதிர வைக்கிறது.

இதைக் கணக்கிலும் சொல்லலாம். சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல். பூசிய செங்கல் சுவர் அதில் 45 அளவைத் தடுத்துவிடும். மிச்சம் அடுத்த அறையில் காதில் விழாது. பிளைவூட் மறைப்பு 20, 25 அளவைத்தான் தடுக்கும். மிச்சமுள்ள 35 டெசிபலில் அமைதியான இரவில் சொல்லுக்குச் சொல் விளங்கும். நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறையில் தொடர்ந்த சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வழிகாட்டியிருக்கிறது.

உங்கள் மூன்றாம் பக்கத்தில் இருக்கும் பதில்

தங்கச்சி, கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பலகை எட்டடி உயரம், அதற்கு மேல் கூரை வரை திறந்திருக்கிறது, சீலிங் அடிக்கவில்லை என்று. உங்கள் நோய் அங்கேதான் இருக்கிறது. பலகைக்குப் பதிலாகக் கருங்கல் சுவரே வைத்தாலும், சத்தம் அதன் மேலால் ஏறி உம்மாவின் கட்டிலுக்கு இறங்கும்.

திறந்த இடத்தைப் பற்றி ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தடி நீளம், பத்தடி உயரமான ஒரு நல்ல கல் சுவரில் ஒரு சதுர அடித் துவாரம் இருந்தால், அது சுவரின் நூறில் ஒரு பங்குதான். ஆனாலும் 45 டெசிபல் தடுக்க வேண்டிய அந்தச் சுவர் 20க்கு மேல் தடுக்காது. காசு கொட்டிக் கட்டிய சுவரும் ஒரு துவாரத்தால் பிளைவூட்டின் நிலைக்கு வந்துவிடும். ஆகவே எந்த வீட்டிலும் முதல் வேலை அடைப்பதுதான். பாரம் ஏற்றுவது அதற்குப் பிறகு.

பூசிய கல் சுவர் உள்ள வீடுகளிலும் இதே குறை உண்டு. பல வீடுகளில் உள்சுவர் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடும். மெல்லிய சீலிங்குக்கு மேலே கூரைக்குள் எல்லா அறைக்கும் ஒரே வெளி. கதவுகளுக்கு மேலே காற்றுக்கென்று விட்ட கிராதிகள் வேறு. “கல் சுவர்தானே, பிறகேன் கேட்கிறது?” என்று கேட்பவர்கள் மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும்.

காசில்லாத சோதனை

இரவில் உங்கள் அறை விளக்கை அணைத்துவிட்டு, அடுத்த பக்கத்து விளக்கை எரிய விடுங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் சத்தமும் கசியும். கதவின் அடி, நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள கீறல், வயர் போகும் துவாரம், இரு பக்கமும் முதுகோடு முதுகாகப் பதித்த சுவிட்ச் பெட்டி எல்லாவற்றையும் கரிக்கட்டியால் அடையாளமிடுங்கள். பிறகு அடுத்த பக்கத்தில் வானொலியைப் பேச விட்டு, கடதாசியைச் சுருட்டிக் காதில் வைத்துச் சுவர் ஓரமாகக் கேட்டுக்கொண்டே போங்கள். வெளிச்சத்துக்குத் தப்பிய இடமும் பிடிபடும்.

எதை முதலில் செய்வது?

ஒன்று, சிறு துவாரங்கள். கல் சுவரிலுள்ள கீறல்களைச் சீமெந்துச் சாந்தால் அடையுங்கள். பலகை ஓரங்களை ஹார்ட்வெயாரில் கிடைக்கும் சிலிக்கன் பசையால் அடையுங்கள். மின்சாரப் பெட்டிகளில் நீங்களாகக் கை வைக்காமல் வயரிங் பார்ப்பவரைக் கொண்டு செய்யுங்கள்.

இரண்டு, கதவு. உள்ளே வெறுமையான பிளைவூட் கதவானால் சத்தம் தாராளமாகப் போகும். வசதி வந்தால் கனமான மரக் கதவாக மாற்றலாம். அதுவரைக்கும் நிலையைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டி, கதவு மூடும்போது அதில் அழுந்தும்படி செய்யுங்கள். அடி இடைவெளிக்குப் பழைய சேலைத் துணியில் நீளப் பை தைத்து, மணல் நிரப்பி இரவில் வையுங்கள். பஞ்சை விட மணல் நல்லது. காரணம் அதே பாரம்தான்.

மூன்று, மேலே திறந்த இடம். அறைக்கு மேலே தடித்த ஜிப்சம் பலகையில் சீலிங் அடித்து, அதைப் பலகைச் சுவரின் தலையோடு இடைவெளியின்றிச் சேர்க்க வேண்டும். அல்லது மறைப்பைக் கூரை மட்டம் வரை உயர்த்தி ஓரங்களை அடைக்க வேண்டும். உங்கள் அறைக்கு வெளிப்பக்க யன்னல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அல்ஹம்து லில்லாஹ். காற்று அந்த வழியால் வரட்டும். வெளிச்சுவரில் உள்ள யன்னலையோ கிராதியையோ எவரும் அடைக்கக் கூடாது. வீட்டுக்குள் பார்க்கும் துவாரங்களை அடைத்தால் போதும். கூரை அஸ்பெஸ்டஸ் சீட் ஆனால் அதை அறுக்கவோ துளைக்கவோ தேய்க்கவோ விடாதீர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருடங்கள் கழித்தும் புற்றுநோயைக் கொண்டுவரக் கூடியது. மரச் சட்டத்தைச் சுவரில் பொருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான்கு, பலகைச் சுவர். இருக்கும் மறைப்புக்கு இரண்டு அங்குலம் தள்ளி, அதைத் தொடாமல் இன்னொரு சட்டம் நிறுத்தி, அதில் அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு அடிப்பது நல்ல முறை. முதல் அடுக்கின் மூட்டுக்கு நேராக இரண்டாம் அடுக்கின் மூட்டு வரக் கூடாது. நடு இடைவெளியில் ரொக் வூல் எனும் கற்பஞ்சு வைக்கலாம். வைப்பவர் கையுறையும் முகமூடியும் போட வேண்டும். சட்டங்கள் ஏன் தொடக் கூடாது? தொட்டால் ஒரு பலகையின் அதிர்வு ஆணி வழியாகவே மற்றதற்குப் போய்விடும். ஓடாவியிடம் இதை இரண்டு தடவை சொல்லுங்கள். உறுதிக்கென்று நடுவில் ஒரு கட்டை அடிப்பதுதான் அவர்கள் வழக்கம்.

கீழ் வீடாக இருந்து வசதியும் இருந்தால், பலகையைக் கழற்றிவிட்டு நாலரை அங்குலக் கல் சுவரையே எழுப்பலாம். சீமெந்து புளொக் கல்லானால் இரு பக்கமும் கட்டாயம் பூச வேண்டும். பூசாத புளொக்கின் நுண்துவாரங்களால் சத்தம் போகும். மேல்மாடியில் மட்டும் பொறியியலாளரைக் கேட்காமல் கல் சுவர் வைக்காதீர்கள். தளம் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும்.

இவை நடக்கும் வரை கட்டிலின் தலைமாட்டைப் பலகைப் பக்கமிருந்து மாற்றுங்கள். துணிமணி நிறைந்த அலுமாரியைப் பலகை ஓரமாக வையுங்கள். ஹோலில் தொலைக்காட்சி அந்தப் பலகையிலே மாட்டப்பட்டிருந்தால் இறக்கி வேறு பக்கம் வையுங்கள். தையல் மெசினுக்கும் கிரைண்டருக்கும் அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். தரையாலும் சுவராலும் போகும் அதிர்வை அது பிறக்கும் இடத்தில் குறைப்பதே சுலபம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். உங்கள் வாப்பா நெஞ்சு வருத்தக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். அறையை அடைத்த பிறகு இரவில் அவர் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்காது. அவர் தலைமாட்டில் ஒரு அழைப்பு மணிச் சுவிட்ச் வைத்து, மணியை உங்கள் அறையில் பொருத்துங்கள். செலவு அதிகமில்லை.

உம்மாமாருக்கு ஒரு வார்த்தை

சுவர் வேலைக்குக் காசு சேரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரைக்கும் அந்த வீட்டில் சுவராக இருக்க வேண்டியவர் உம்மாதான்.

நம் வீட்டுக்கு வந்த மருமகன் நம் கூரையின் கீழ் இருக்கிறார் என்பதற்காக அவருடைய கடனும் கவலையும் நமக்குரியவை ஆகிவிடா. பிறர் தனித்துப் பேசுவதைச் செவி தாழ்த்திக் கேட்பது தவறு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வேண்டாமலே காதில் விழுந்ததைக் கேளாதது போல் விட்டுவிடுவதும் அதில் சேர்ந்ததுதான். அந்தக் காலைத் தேநீரை ஒரு கேள்வியும் இல்லாமல் கொடுத்திருந்தால் அவர் அதைக் குடித்துவிட்டுத் தொழிலுக்குப் போயிருப்பார்.

இஷாவுக்குப் பிறகு சற்று நேரம் ஹோலில் வானொலியை மெல்லிய சத்தத்தில் பேச விடுங்கள். அல்லது வாப்பாவையும் தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு முற்றத்தில் போய் இருங்கள். அந்த அரை மணித்தியாலத்தில் உள்ளே இரண்டு பேர் தங்கள் சொந்தக் குரலில் பேசிக்கொள்வார்கள்.

தங்கச்சி, முதலில் மணல் பையைத் தைத்து வையுங்கள். அடுத்ததாகச் சீலிங்குக்கு ஓடாவியிடம் விலை கேளுங்கள். வேலை முடிந்ததும் இன்ஷா அல்லாஹ் எழுதுங்கள். உங்கள் கணவர் சிரித்த சத்தம் ஹோலுக்குக் கேட்டதா, இல்லையா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.