அரிய பறவையும் அரிய பண்பும்

கடற்கரையில் கடற்காகங்கள் கூட்டமாக அமர்ந்திருக்கின்றன. கடற்புறா என்று சிலர் கூறுவதும் இப்பறவையையே. அக்கூட்டத்தில் ஒன்று மட்டும் நிறத்தால் வேறுபட்டுத் தோன்றுகிறது. "இஃது இதுவரை இங்கு எவரும் காணாத பறவை!" என்று பார்ப்பவர் உள்ளம் துள்ளுகிறது. உள்ளம் துள்ளும் அந்நொடியிலேதான் அறிவு விழித்திருத்தல் வேண்டும்.

கடற்காகங்களை இனம் பிரித்தறிதல் எளிதன்று. ஐரோப்பியக் கரைகளில் வாழும் ஹெரிங் கடற்காகம் முழு வளர்ச்சிக்குரிய இறகுகளைப் பெற ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இளமையில் பழுப்புப் புள்ளிகளோடும் கரிய அலகோடும் காணப்படும் அது, பின்னர் வெண்மையும் சாம்பல் நிறமும் பெற்று, மஞ்சள் அலகில் செம்புள்ளி தாங்கி நிற்கும். வேறோர் இனத்துக்கு வேனிலில் தலை கரும்பழுப்பாக இருக்கும். குளிர்காலத்திலோ கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்புள்ளி மட்டுமே எஞ்சும். இரண்டு இனங்கள் கலந்து பிறந்த பறவைகளும் உண்டு. வெயிலில் வெளுத்த இறகும் மாலை ஒளியும் கண்ணை ஏமாற்றும். ஆகவே, பழகியவர்களும் பிழைபடுவர்.

பிழை மன்னிக்கத் தக்கது. பொய்யோ பெருங்கேடு விளைப்பது. இங்கிலாந்தின் தென்கரையில் ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊர் உள்ளது. அதைச் சுற்றிய வட்டாரத்தில் 1892 முதல் 1930 வரை மிக அரிய பறவைகள் பல கிடைத்ததாகப் பதிவாயின. அவற்றுட் பல, பறவைகளைப் பாடம் செய்யும் ஒருவரின் கடை வழியே வந்தவை. 1962 ஆகஸ்டில் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழில் மாக்ஸ் நிக்கல்சன், ஜேம்ஸ் ஃபெர்குசன் லீஸ் ஆகியோர் அப்பதிவுகளை ஆராய்ந்து எழுதினர். புள்ளியியல் அறிஞர் ஜான் நெல்டர் அவற்றைப் பிற பதிவுகளோடு ஒப்பிட்டு, அவை இயல்புக்கு ஒவ்வாதவை எனக் காட்டினார். அதன் விளைவாக 29 இனங்களும் உள்ளினங்களும் பிரிட்டனின் பறவைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

பின்னாளில் அவற்றுட் பெரும்பாலானவை பிரிட்டனில் மெய்யாகவே காணப்பட்டு, நல்ல சான்றுகளோடு மீண்டும் பட்டியலில் ஏறின. அப்படியானால், பழைய ஹேஸ்டிங்ஸ் பதிவுகளிலும் சில உண்மையாக இருந்திருக்கலாம் அன்றோ? ஆயினும், அவற்றைப் பிரித்தறிய வழியில்லை. பாலில் ஒரு துளி நஞ்சு கலந்தால் குடம் முழுவதையும் கொட்டத்தான் வேண்டும். பொய்யின் பெருந்தீமை, தன்னோடு மெய்யையும் நம்பத்தகாததாக ஆக்குவதே ஆகும்.

"எதற்கும் சான்று கேட்டால் இளைஞரின் ஆர்வம் குன்றாதா?" எனச் சிலர் வினவலாம். அரிய பறவைகள் வாரா என்று எவரும் கூறவில்லை. ஆர்க்டிக் பகுதிக்குரிய ராஸ் கடற்காகம் 1975 ஜனவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் தோன்றியது. அதைக் காணத் தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டனர். புதியவர் கண்ணுக்கும் அரியது படலாம். எனவே, ஐயம் சான்றின்மேல் செல்ல வேண்டுமேயன்றி, ஆளின்மேல் செல்லலாகாது. பிரிட்டனில் 1959-இல் தோன்றிய அரும்பறவைக் குழு, வரும் செய்திகளை ஆராய்ந்தே ஏற்கிறது. ஒரு செய்தியை ஏற்காமை, கூறியவரைப் பொய்யர் என்பதன்று. சான்று போதவில்லை என்பதே அதன் பொருள்.

மாணவர்களே, புதுமையான பறவையைக் கண்டால் உடனே பெயர் சூட்டாதீர்கள். அருகிலுள்ள பறவையோடு அதன் பருமனை ஒப்பிடுங்கள். அலகு, கால், சிறகு நுனி ஆகியவற்றின் நிறத்தைக் குறியுங்கள். இடம், நேரம், ஒளி ஆகியவற்றையும் அங்கேயே எழுதுங்கள். இயலுமாயின் ஒளிப்படம் எடுங்கள். இது நாம் நன்கறிந்த பறவையின் வேறு பருவமோ என்று முதலில் எண்ணிப் பாருங்கள். முடிவு தோன்றாவிடின், "இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அவ்வாறு எழுதுவதில் இழிவு சிறிதும் இல்லை. அரிய பறவையைக் காண்பது நற்பேறு. கண்டதைக் கண்டவாறே கூறுவது நற்பண்பு. பேறு சிலர்க்கே வாய்க்கும். பண்போ முயன்றால் எல்லார்க்கும் வாய்க்கும்.