'டைரக்ட்' என்ற பொய்க்கணக்கு

எங்கள் துறையின் இணையதளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்கும் வேலை இந்த செமஸ்டர் என் தலையில். கூகுள் அனலிடிக்ஸில் 'டைரக்ட்' எண்ணிக்கை எகிறியிருந்தது. "பாருடா, முகவரியை மனப்பாடமாகத் தட்டி வருகிறார்கள்!" என்று சீனியர் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். பாடக் கட்டுரைகளை நிறுத்திவிட்டு முகப்புப் பக்கத்தை அழகுபடுத்தலாம் என்றார்.

எனக்கு உடன்பாடில்லை. சுட்டியைச் சொடுக்கினால், எந்தத் தளத்திலிருந்து வருகிறோம் என்பதை உலாவி 'ரெஃபரர்' என்ற வரியில் சொல்லும். (1996-ல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே அந்தப் பெயருக்கு எழுத்துப்பிழை. இன்றுவரை யாரும் திருத்தவில்லை!) அந்த வரி இல்லாமல் வருகிறவர் 'டைரக்ட்' கணக்கில் விழுவார். செல்பேசிச் செயலிகளிலிருந்து வருகிற பலர் இப்படித்தான்.

சாட்ஜிபிடி தன் சுட்டிகள் பலவற்றின் வாலில் 'யுடிஎம் சோர்ஸ்' என்று தன் பெயரை ஒட்டி அனுப்புகிறது. பெர்ப்ளெக்சிட்டி, ஜெமினி உலாவியில் திறந்திருந்தால் ரெஃபரரில் தெரியலாம். இவற்றுக்குத் தனிச் சேனல் போட்டுப் பிரித்தேன். அதில் வந்தவர்கள் இறங்கிய இடம் முகப்பு அல்ல, நிறுத்தப் பார்த்த அதே கட்டுரைகள். 'டைரக்ட்' ஆட்களில் பாதிப்பேரும் அங்கேதான். அத்தனை நீள முகவரியை எவன் மனப்பாடம் செய்வான்?

இதுவும் குறைந்தபட்சக் கணக்குதான். கூகுள் தேடலின் ஏஐ சுருக்கத்திலிருந்து வருகிறவர் சாதாரணத் தேடலோடு கலந்துவிடுவார். பதிலை மட்டும் படித்துவிட்டு வராமலே போகிறவருக்குக் கணக்கே இல்லை.

அண்ணனிடம் காட்டினேன். முகப்பு வேலை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போயிருக்கிறது.