முதல் கொப்பியை ஏன் மறைக்கிறீர்கள்?



கார்ட்டூன் ஓவியர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஸ்னூபியை வரைந்தவர் பிறவிக் கலைஞராம். டின்டினை வரைந்தவர் மேதையாம். சுப்பர்மேனைப் படைத்தவர்கள் ஒரே நாளில் புகழ் பெற்றார்களாம். இதைக் கேட்ட பிள்ளை தன் கொப்பியில் உள்ள கோணல் பூனையை ஒருதரம் பார்க்கும். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிடும்.

இந்தக் கதை பொய். ஆசிரியர்கள் என்ற வகையில் நாங்கள் இதைச் சத்தமாகவே சொல்கிறோம். இவர்களுடைய ஆரம்ப வேலைகளை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. அதனால்தான் அந்தப் பொய் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சார்ள்ஸ் ஷுல்ஸை எடுங்கள். அமெரிக்காவின் சென்ட் போல் நகரில் வளர்ந்தவர். வாப்பா சலூன் வைத்திருந்தவர். 1937இல் அச்சில் வந்த ஷுல்ஸின் முதல் படம், ஊசியும் ஆணியும் சவர பிளேட்டும் விழுங்கும் தன் வீட்டு நாய்தான். பிறகு பாடசாலை ஆண்டு மலருக்குப் படங்கள் கொடுத்தார். போடவில்லை. தபால் மூலம் ஓவியம் படித்தார். பிள்ளைகளை வரையும் பாடத்தில் அவருக்குக் கிடைத்த புள்ளி 'சி பிளஸ்'. பின்னாளில் 50 வருடம் பிள்ளைகளையே வரைந்து உலகத்தைச் சிரிக்க வைத்த மனிதருக்குக் கிடைத்த புள்ளி அது!

1947 முதல் 1950 ஜனவரி வரை உள்ளூர்ப் பத்திரிகையில் 'லில் போக்ஸ்' என்று வாராவாரம் வரைந்தார். சார்லி பிரவுன் என்ற பெயர் முதலில் வந்தது அங்கேதான். ஸ்னூபியைப் போல ஒரு நாயும் அங்கே ஓடித் திரிந்தது. அதே வருடம் ஒக்டோபர் 2ஆம் திகதி 'பீனட்ஸ்' வெறும் 7 பத்திரிகைகளில் ஆரம்பித்தது. 2000 பெப்ரவரியில் முடியும்போது 17,897 தொடர்கள். பீனட்ஸ் எல்லோருக்கும் தெரியும். லில் போக்ஸைப் பார்த்தவர் எத்தனை பேர்?

சுப்பர்மேன் கதையும் இதுதான். 1933இல் கிளீவ்லண்ட் நகரத்தில் ஜெரி சீகல் எழுத, அவருடைய பாடசாலைக் கூட்டாளி ஜோ ஷஸ்டர் படம் போட்டார். தாங்களே ரோனியோ அடித்து வெளியிட்ட சஞ்சிகையில் அது வந்தது. அதில் வந்த சுப்பர்மேன் யார்? மொட்டைத் தலை வில்லன்! அந்த வில்லனை நாயகனாக மாற்றிய பிறகும் பத்திரிகைக்காரர்கள் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். இடையில் வயிற்றுப்பாட்டுக்குத் துப்பறியும் கதைகள் வரைந்தார்கள். 1938இல்தான் சுப்பர்மேன் வெளிவந்தது. 'ஒரே நாள் புகழ்' என்பதற்குள் ஐந்து வருடம் ஒளிந்திருக்கிறது.

சிலர் வாதிடுவார்கள்: "ஆரம்ப வேலை மட்டமானது. மறைப்பதுதான் கலைஞருக்கு மரியாதை."

பெல்ஜிய ஓவியர் ஹேர்ஜேயே அப்படித்தான் நினைத்தார். 1926இல் சாரணர் சஞ்சிகையில் 'டோட்டோர்' என்ற சாரணச் சிறுவனை வரைந்தார். 1929 ஜனவரியில் டின்டின் வந்தான். சோவியத் நாட்டைக் கண்ணால் காணாமலே வரைந்த அந்த முதல் கதையைப் பல காலம் மறுபதிப்பிடாமலே வைத்திருந்தார். 1973இல்தான் அது மீண்டும் வந்தது. அடுத்து வந்த கொங்கோ கதை ஆபிரிக்க மக்களை அறிவில்லாதவர்களாகக் காட்டுகிறது. 1946இல் சிலவற்றைத் திருத்தினார், ஆனாலும் அவமதிப்பு முழுதாகப் போகவில்லை. அதை விளக்கமில்லாமல் சின்னப் பிள்ளை கையில் கொடுக்க நாங்களும் சம்மதிக்க மாட்டோம்.

ஆனால் மறைத்தால் இன்னொன்றும் மறைந்துபோகிறது. 1934இல் சீனாவைப் பற்றி வரையத் தொடங்கியபோது, பிரசெல்ஸில் படித்துக்கொண்டிருந்த சாங் சோங்ரென் என்ற சீன மாணவரிடம் ஹேர்ஜே கேட்டுக் கேட்டுக் கற்றார். அதனால்தான் 'நீலத் தாமரை' அவ்வளவு உயர்ந்தது. கேட்டுப் படித்தால் மனிதன் மாறுவான் என்ற பாடம் அதில் இருக்கிறது. முந்திய பிழையைப் பார்க்காத பிள்ளைக்கு அந்தப் பாடம் எப்படி விளங்கும்?

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோரும் ஓவியராக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்கிலும் கட்டுரையிலும் இதே நோய்தான் இருக்கிறது. முதலாம் பிள்ளையின் பெறுபேற்றை முகநூலில் போட்டு 'மாஷா அல்லாஹ்' சொல்கிறோம். அந்தப் பிள்ளை சிவப்பு மையில் குளித்த பழைய கொப்பிகளை யாரும் போடுவதில்லை. மற்றப் பிள்ளைகள் அதையல்லவா பார்க்க வேண்டும்!

ஆகவே பெற்றோரே, சக ஆசிரியர்களே, கேட்பது இரண்டே காரியம். ஒரு கலைஞரின் சிறந்த படத்தைக் காட்டும்போது அவருடைய முதல் படத்தையும் தேடிப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வருட முடிவில் பிள்ளையின் சித்திரக் கொப்பியைப் பழைய பேப்பரோடு நிறுத்து விற்காதீர்கள். பின் அட்டையில் திகதியை எழுதி அலுமாரியில் வையுங்கள். அடுத்த வருடக் கொப்பி வந்ததும் இரண்டையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று அது தானாகவே கண்டுகொள்ளும்.