ரெக்கார்டு எழுதவா வந்தோம்?



நம் மெஷின்ஸ் லேபை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். ஒரு பேட்ச்சில் ஆறு பேர். நாலு பையன்கள் ஒயரிங் செய்வார்கள். இரண்டு பெண்கள் ஸ்டூலில் உட்கார்ந்து ரீடிங் எழுதுவோம். இப்படித்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை. "உன் கையெழுத்து நல்லா இருக்கு, நீ எழுதும்மா" என்று முதல் நாள் ஒருத்தர் சொன்னார். அதுவே வழக்கமாகிப் போச்சு.

பையன்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஷாக் அடிக்காது, சுடிதாரில் கிரீஸ் படாது, தப்பு நடந்தால் பழியும் நம் மேல் வராது.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், வழக்கமாக ஒயரிங் செய்கிறவர்கள் வரவில்லை. "இன்னைக்கு நீ கனெக்ட் பண்ணும்மா" என்றார் இன்ஸ்ட்ரக்டர். டி.சி. ஷன்ட் மோட்டார். அந்த சர்க்யூட்டை ஸ்கேல் வைத்து எத்தனை தடவை வரைந்திருப்பேன்! ஆனால் ஒயர் கைக்கு வந்ததும் ஆர்மேச்சர் எது, ஃபீல்டு எது என்று தேட ஆரம்பித்துவிட்டேன். சீரிஸில் போட வேண்டிய அம்மீட்டரைப் பேரலலில் போட்டேன். இன்ஸ்ட்ரக்டர் வந்து பார்ப்பதற்குள் அவசரப்பட்டு சுவிட்சையும் போட்டேன். ஃபியூஸ் போச்சு! லேபே சிரித்தது.

இன்ஸ்ட்ரக்டர் சிரிக்கவில்லை. நன்றாகத் திட்டினார். பிறகு ஃபியூஸ் ஒயரைக் கையில் கொடுத்து, "நீயே போடு, நீயே மறுபடி கனெக்ட் பண்ணு" என்றார். இந்தத் தடவை அவர் சரிபார்த்த பிறகு, ஃபீல்டு ரியோஸ்டாட்டை மினிமத்தில் வைத்து, ஸ்டார்ட்டர் கைப்பிடியை மெதுவாக நகர்த்தினேன். மோட்டார் ஓடியது. அன்றைக்கு வந்த தைரியம், அதுவரை நான் வாங்கிய எந்த மார்க்கிலும் வந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஏ. லலிதாவைப் பற்றிப் படித்தேன். 1919-இல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவரை இழந்தார், கையில் நாலு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டு மூலைதான் மிச்சம். ஆனால் அவர் அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்னியல் பேராசிரியர். மகளை அங்கேயே சேர்த்தார். 1943-இல் படிப்பை முடித்த லலிதா, இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் ஆனார். சான்றிதழில் 'அவன்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததை அடித்து, 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம்!

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கதைதான். லலிதா நேராக நாற்காலியில் போய் உட்காரவில்லை. ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி எடுத்தார். பிறகு கல்கத்தாவில் ஒரு மின் நிறுவனத்தில் மின்கம்பித் தடங்களும் துணை மின் நிலையங்களும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் பணிகளிலும் அவர் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார். அவர் காலத்தில் கிண்டியில் சிவில் படித்த பி.கே. திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரே ஆனார். முதலில் வேலை, அப்புறம்தான் பதவி!

இந்த வருஷம் பிராஜக்டுக்கு என்னை பேட்ச் லீடர் ஆக்கினார்கள். லீடர் என்றால் அதட்ட வேண்டும் என்று நினைத்து, முதல் வாரம் முழுக்கக் கத்தினேன். ஒருத்தரும் அசையவில்லை, தொண்டைதான் கட்டிக்கொண்டது. எங்கள் பேட்ச்சில் ஐ.டி.ஐ. முடித்து வந்த அண்ணா ஒருவர் இருக்கிறார். வைண்டிங்கில் கை தேர்ந்தவர். அவரிடம் போய், "அண்ணா, இது எனக்குத் தெரியலை, சொல்லிக் கொடுங்க" என்று கேட்டேன். மதிப்புக் குறையும் என்று பயந்தேன். குறையவில்லை. மறுநாள் முதல் எல்லோரும் அவரவர் சந்தேகத்தை என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். தெரிந்ததைச் செய்து காட்டுவதும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும்தான் தலைமை. அதற்கு ஆம்பளைக் குரல் தேவையில்லை!

நம் பேரவையையும் கொஞ்சம் பாருங்களேன். பெண்களுக்கென்று ஒரு இணைச் செயலாளர் பதவி. விழா வந்தால் குத்துவிளக்கு, பூங்கொத்து, வரவேற்புரை. விழாச் செலவுக் கணக்கை எங்களில் யாராவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறோமா? அவர்களும் கொடுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

என் யோசனை சின்னது. ஒவ்வொரு பேட்ச்சிலும் வாரம் ஒருவர் ஒயரிங், ஒருவர் ரீடிங் என்று முறை மாற்றிக்கொள்வோம். ஃபியூஸ் போகும், சிரிப்பார்கள், மார்க்கும் ஒன்றிரண்டு குறையலாம். போகட்டும். நாளைக்கு ஒரு சப்-ஸ்டேஷனில் தனியாக நிற்கும்போது ஃபியூஸ் போகாமல் இருந்தால் போதும்.

தோழியரே, அடுத்த தடவை யாராவது "நீ எழுதும்மா" என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, டெஸ்டரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்!

— மூன்றாம் ஆண்டு மாணவி, மின் மற்றும் மின்னணுவியல் துறை